வெயில் சங்கத்தின் வெற்றிலைத் தட்டு

என் பல் வலியைப் பற்றி எழுதப் போவதாகப் போன வாரம் சொல்லியிருந்தேன். மன்னிக்கவும் — பல் இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளும். இதை இப்போதே சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

மே தினத்தன்று ஒரு கிராம சபைக் கூட்டத்துக்குப் போய் வந்தேன்.

கிராம சபைக் கூட்டமா? அதற்கா இவ்வளவு துள்ளல்? என்றுதானே கேட்கிறீர்கள். நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் போனேன். திரும்பும்போது ஸ்கூட்டரில் சத்தமாகப் பாடிக்கொண்டு வந்தேன். சிக்னலில் பக்கத்தில் நின்றவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பார்க்கட்டுமே!

முதலில் இருந்து சொல்கிறேன்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அகரம் பக்கம் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டுத் திண்டுக்கல்லுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மணி மூன்று இருக்கும். ஓர் ஊர் விலக்கில் — மெயின் ரோட்டில் இருந்து ஊருக்குள் பாதை பிரிகிற பஸ் ஸ்டாப்பில் — ஸ்கூட்டர் பஞ்சர். மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டேன். "இந்தா வாரேன்க்கா... செத்த நேரம்" என்றார். அந்தச் செத்த நேரம் குறைந்தது ஒரு மணி நேரம் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சுற்றிப் பார்த்தேன். மரம் இல்லை. பெட்டிக்கடை இல்லை. பஸ் ஸ்டாப்புக்குப் பெயர்ப்பலகை உண்டு, கூரை கிடையாது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். செருப்பு தாரில் ஒட்டிக்கொண்டு பிரிய மாட்டேன் என்கிறது.

அப்போதுதான் அந்த வரிசையைப் பார்த்தேன். சுடிதார் போட்ட மூன்று பெண்கள், ரேஷன் கடையில் நிற்பதுபோல் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக நிற்கிறார்கள். முன்னால் கடையும் இல்லை, கவுன்டரும் இல்லை. பின்னே எதற்கு வரிசை?

மின்கம்பத்து நிழல்! ஒரு முழ அகலம்கூட இல்லாத அந்த நிழலுக்குள் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

"வாங்கக்கா, நாலாவது ஆளுக்கு எடம் இருக்கு" என்றாள் முதலில் நின்றவள். "நாலு மணி ஆயிருச்சுன்னா இன்னும் ரெண்டு பேரு நிக்கலாம்."

என் வயதுக்கு 'அக்கா' என்பதே பெரிய மனசு. நாலாவது ஆளாகப் போய் நின்றுகொண்டேன். "பஸ்ஸுக்காம்மா நிக்கிறீங்க?"

"இல்லக்கா. நிழல் அளக்குறோம்."

கீழே பார்த்தேன். கம்பத்தைச் சுற்றிக் கோலப்பொடியில் கோடுகள்! ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் ஒரு நம்பர். காலை ஒன்பது மணிக் கோடு மேற்கே நீளமாகப் போகிறது. பத்து, பதினொன்று என்று சுருங்கிச் சுருங்கி, உச்சிவேளையில் கம்பத்தின் காலடியிலேயே ஒடுங்கிவிடுகிறது. அப்புறம் கிழக்கே திரும்பி, இப்போது ஊருக்குப் போகும் ரோட்டின் குறுக்கே நீண்டுகொண்டிருந்தது. காலையில் இருந்து மணிக்கு ஒருமுறை வந்து கோடு போட்டிருக்கிறார்கள், இந்த வெயிலில்!

"எதுக்கும்மா இந்தக் கஷ்டம்?"

"நாங்க வெயில் சங்கம்க்கா" என்றாள், அதுவே போதுமான விளக்கம் என்பதுபோல.

மாதர் சங்கம் தெரியும். வியாபாரிகள் சங்கம் தெரியும். வெயிலுக்கும் ஒரு சங்கமா? எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த பத்து நிமிஷத்தில் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

பேசியவள் தர்ஷினி. பிளஸ் ஒன் முடித்திருக்கிறாள். மற்ற இருவரும் அவளுடைய கிளாஸ்மேட்டுகள் — ஜெனிஃபர், மகா. மூன்று பேரும் அந்த ஊர்தான். விலக்கில் இருந்து ஊருக்கு இரண்டு கிலோமீட்டர். ஸ்கூலுக்குத் தினமும் அந்த ரோட்டில் நடந்து வந்துதான் பஸ் ஏற வேண்டும். இரண்டு கிலோமீட்டருக்கும் சேர்த்து ஒரு மரம் கிடையாது. இருந்த புளியமரங்களை ரோடு போடும்போது எடுத்துவிட்டார்களாம்.

தர்ஷினியின் அம்மா பெயர் செல்வி. மல்லித் தோட்டங்களில் பூப்பறிக்கிற வேலை. விடியுமுன் பறிக்க இறங்கி, பூவை மூட்டை கட்டி, திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, உச்சிவெயிலில் விலக்கில் இறங்கி வீட்டுக்கு நடப்பார். போன கோடையில் ஒருநாள் அப்படி நடந்து வரும்போது ரோட்டிலேயே மயங்கி விழுந்துவிட்டார். எவ்வளவு நேரம் கிடந்தார் என்று யாருக்கும் தெரியாது. தோட்டத்தில் இருந்து தற்செயலாக வெளியே வந்த அவருடைய அண்ணன் ராசுதான் பார்த்துத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்.

"இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா அம்புட்டுத்தான்னு டாக்டர் சொன்னாருக்கா" என்றாள் தர்ஷினி. "எங்கம்மா இப்பவும் அதே ரோட்டுலதான் நடக்குது. வருசா வருசம் வெயிலு கூடிக்கிட்டே போகுது. நான் ஸ்கூல்ல உக்காந்திருக்கப்ப பன்னெண்டு மணி பெல் அடிச்சா, அம்மா இந்நேரம் ரோட்டுல எங்க நடக்குதோன்னுதான் நெனப்பு ஓடும்."

பையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் பதாகை பிடித்து ரோட்டில் நிற்கிற வீடியோக்களை எல்லாம் இவர்களும் ஃபோனில் பார்த்திருக்கிறார்கள். பூமி சூடாகிறது, அரசாங்கங்களே ஏதாவது செய்யுங்கள் என்று அவர்கள் கத்துகிறார்கள். இவர்களும் ஒருநாள் சாயங்காலம் அட்டையில் எழுதிக்கொண்டு இதே விலக்கில் நின்றிருக்கிறார்கள்.

"பஸ்ஸு நின்னுச்சுக்கா" என்றாள் மகா. "கண்டக்டர் எறங்கி வந்து, எங்க போகணும்னு கேட்டாரு."

அதற்கப்புறம்தான் வெயில் சங்கம். ஒரே கோரிக்கை. இரண்டு கிலோமீட்டருக்கும் மரம் வேண்டும். நட்டுவிட்டு ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போகிற மரம் இல்லை. ஊராட்சியே தண்ணீர் ஊற்றி, கூண்டு போட்டு, வளர்க்கப் பொறுப்பு எடுத்துக்கொள்கிற மரம். அதற்குக் கிராம சபையில் தீர்மானம் போட வேண்டும்.

குடியரசு தினக் கிராம சபைக்கு மூன்று பேரும் மனுவோடு போயிருக்கிறார்கள். வந்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கூட்டம் செல்லுபடியாக ஆள் போதவில்லை என்று முதல் பிரச்சினை. அதைவிடப் பெரிய பிரச்சினை ஊராட்சிச் செயலர் சொன்னது. "ஒங்களுக்குப் பதினெட்டு வயசு ஆகலயேம்மா. ஓட்டு இருக்குறவுகதான் தீர்மானம் கொண்டுவரலாம். பெரியவுகளக் கூட்டிட்டு வாங்க."

கவனித்தீர்களா? அந்த மரத்தின் நிழலில் இன்னும் ஐம்பது வருஷம் நடக்கப் போகிறவர்களுக்கு ஓட்டு கிடையாது. ஓட்டு இருக்கிறவர்கள் கூட்டத்துக்கே வருவது கிடையாது.

பெரியவர்களை எப்படி வரவழைப்பது? வாட்ஸ்அப்பில் வீடியோ போட்டார்களாம். "ஊரே லைக் போட்டுச்சுக்கா" என்றாள் ஜெனிஃபர். "எங்க பெரியப்பா நெருப்பு எமோஜி போட்டாரு. ஆனா கூட்டத்துக்கு வருவீங்களான்னு கேட்டா, பாப்போம்ங்கிறாரு."

எனக்குள் இருந்த எழுத்தாளர் விழித்துக்கொண்டார். "கவலையே படாதீங்க! நான் ஒரு பேச்சு எழுதித் தாரேன். கேட்டா ஊரே எந்திரிச்சு வரும்" என்று மார்தட்டிவிட்டு, மெக்கானிக் வந்ததும் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து ஏசியைப் போட்டுக்கொண்டு எழுதவும் செய்தேன். இரண்டு பக்கம். 'புவி வெப்பமயமாதல்', 'வருங்காலத் தலைமுறை', 'பசுமைப் போர்வை'... எதையும் விடவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "சூப்பர்க்கா" என்று பதில் வந்தது, இரண்டு கைகூப்புகளோடு. அந்தக் கைகூப்பின் அர்த்தம் எனக்குத் தெரியும். என் எடிட்டரும் அனுப்புவார்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. எழுதி முடித்துவிட்டு ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தேன். அங்கே முன்பு ஒரு வேப்பமரம் இருந்தது. இலை கொட்டுகிறது, கார் நிறுத்த இடைஞ்சல் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெட்டிவிட்டு, சிமென்ட் போட்டுவிட்டேன். இதை அந்தப் பெண்களிடம் நான் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

ஏப்ரல் கடைசியில் தர்ஷினியிடம் இருந்து ஃபோன்.

"அக்கா, ஐடியா கெடச்சிருச்சு! ஒங்க பேச்சு வேணாம்." கொஞ்சம் நிறுத்தி, "நல்லாத்தான் இருந்துச்சு..." என்று சேர்த்தாள்.

"என்ன ஐடியா?"

"வெத்தல பாக்கு."

நம் ஊர்களில் எந்த விசேஷமாக இருந்தாலும், தட்டில் வெற்றிலை பாக்கு, சந்தனம், குங்குமம் வைத்து, வீடு வீடாகப் போய் அழைக்க வேண்டும். அழைத்தால் வருவார்கள். எவ்வளவு வேலை இருந்தாலும் வருவார்கள். அழைக்காவிட்டால்? பக்கத்து வீடாக இருந்தாலும் வரமாட்டார்கள், பத்து வருஷத்துக்குச் சொல்லிக்காட்டுவார்கள். கிராம சபைக்கு என்றைக்காவது யாராவது வெற்றிலை வைத்திருக்கிறார்களா? நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள், மைக்கில் சொல்வார்கள். மைக்கில் சொன்னால் அது அழைப்பா?

அம்மாவின் எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் கிளம்பிவிட்டார்கள். வெற்றிலைக்கு நடுவே மடித்து வைத்த ஒரு நோட்டீஸ். மரம் எங்கெங்கே வரும் என்று கையால் வரைந்த படம்.

முதல் தெருவிலேயே குழப்பம். வயசுப் பெண்கள் தட்டோடு வந்தால் ஊர் என்ன நினைக்கும்?

"ஏண்டி, எவளுக்குடி சடங்கு? சொல்லவே இல்ல?"

"சடங்கு இல்ல பெரியம்மா. நம்ம ரோட்டுக்கு விசேஷம். மே ஒண்ணாந்தேதி கிராம சபைக்கு வந்துருங்க."

"ரோட்டுக்கு என்னடி விசேஷம்?"

"நெழலு வைக்கப் போறோம்."

ஃபோனில் இதைக் கேட்டுவிட்டு நான் வீட்டுக்குள் தனியாகக் கைதட்டினேன். எவ்வளவு அழகான யோசனை! என் இரண்டு பக்கப் பேச்சில் இப்படி ஒரு வரி உண்டா?

"ஒருத்தரு விடலக்கா! மேப்பு போட்டு, தெருவாரியா பிரிச்சுக்கிட்டு, ரெண்டு நாள்ல முடிச்சுட்டோம்" என்றாள் பெருமையாக.

அந்த 'மேப்பு போட்டு' என்ற இடத்தில்தான் தப்பு நடந்திருந்தது. அப்போது அவளுக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

மே தினம். காலை பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் ஷாமியானா. கூட்டம் என்றால் கூட்டம்! நாற்காலி தீர்ந்து, ஜமுக்காளம் விரித்து, அதுவும் தீர்ந்துவிட்டது. பெண்கள் நல்ல சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து வந்திருந்தார்கள். அழைப்புக்கு மரியாதை! ஒரு பெரியம்மா வாழைப்பழச் சீப்போடு வந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் ஊராட்சிச் செயலரின் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். ஒன்றிய ஆபீஸில் இருந்து மேற்பார்வைக்கு வந்திருந்த அதிகாரி, "என்னய்யா, கல்யாணமா இங்க?" என்று செயலரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடவே வரிசை நின்றது.

வெயில் சங்கத்தார் மூன்று பேரும் ஷாமியானாவின் ஓரத்தில் நின்றிருந்தார்கள். முகத்தைப் பார்த்தால் விடிய விடியத் தூங்காத மாதிரி. நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். தர்ஷினி சிரிக்கக்கூட முடியாமல் தலையாட்டினாள்.

வரவு செலவு படித்தார்கள், குடிதண்ணீர் பற்றிப் பேசினார்கள். அப்புறம் செயலர், "விலக்கு ரோட்டுல மரம் வளர்க்குறது சம்பந்தமா ஒரு தீர்மானம்..." என்று ஆரம்பித்தார்.

"நிப்பாட்டுங்க."

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நல்ல உயரம். பக்கத்தில் இருந்தவரிடம் யார் என்று கேட்டேன். ராசு! தர்ஷினியின் தாய்மாமன். போன வருஷம் செல்வியைத் தூக்கிக்கொண்டு ஓடிய அதே அண்ணன். விலக்கில் தொடங்கி ஊர் ரோட்டின் கிழக்கு ஓரமாகப் போகிற பெரிய மல்லித் தோட்டம் அவருடையதுதான்.

"ரோட்டோரத்துல மரம் வச்சா நெழலு எங்க விழும்? எந்தோட்டத்துல விழும். நெழல்ல மல்லி மொட்டு வைக்குமா? எம்பொழப்புல மண்ணா? நான் ஒத்துக்கிற மாட்டேன்."

சலசலப்பு. ரோட்டோரம் தோட்டம் வைத்திருக்கிற இன்னும் நாலைந்து பேர் "ஆமா, அதான?" என்றார்கள். அதிகாரி வாட்சைப் பார்த்தார். செயலர் பேனாவை மூடினார். "ஆட்சேபணை இருந்தா அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வச்சுக்கலாம்" என்றார்.

அடுத்த கூட்டமா? இன்னொரு தடவை இவ்வளவு பேர் வருவார்களா? அதற்குள் செல்வி இன்னும் எத்தனை நாள் அந்த ரோட்டில் நடக்க வேண்டும்?

அப்போது ஜமுக்காளத்தில் இருந்து ஒரு பெண் எழுந்தார். ஒல்லியான உருவம், முழங்கை வரை வெயில் கறுத்த கைகள். "மைக்கக் குடுங்க" என்றார்.

செல்வி!

வாழ்க்கையில் முதல் தடவையாக மைக் பிடிக்கிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. வாய்க்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துக்கொண்டதால் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. அப்புறம் சொன்னார். "எனக்கு ஓட்டு இருக்கு. நான் பேசலாம்ல? எனக்குப் பேச வராது. நான் பேசவேண்டியத எம்மக பேசட்டும்."

மைக்கை மகளிடம் நீட்டிவிட்டார்.

அதிகாரி செயலரைப் பார்த்தார். செயலர் அதிகாரியைப் பார்த்தார். பதினெட்டு வயசு ஆகாதவள் தீர்மானம் கொண்டுவரக் கூடாது, சரி. அம்மாவின் நேரத்தில் மகள் பேசக் கூடாது என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா? "பேசும்மா" என்றார் அதிகாரி. அந்த மனிதருக்கு ஒரு கும்பிடு!

தர்ஷினி மாமாவைப் பார்த்துத் திரும்பினாள். "மாமா, ஒங்க பக்கம் ஒரு குழிகூட வெட்டலயே. ஒங்க தோட்டம் வார எடத்துல மேக்க ஓரம் மட்டும்தான். நோட்டீஸ்ல படம் போட்டுருந்தோமே?"

"நோட்டீஸ எவன் பாத்தான்?" ராசு மாமாவின் குரல் உடைந்தது. உடைந்ததை மறைக்க இன்னும் சத்தமாகப் பேசினார். "ஊரு முழுக்கத் தட்டத் தூக்கிட்டுப் போயி வெத்தல வச்சியே... மொத வெத்தல யாருக்கு வைக்கணும்? தாய்மாமனுக்கு! நீ எனக்கு என்ன பண்ணுன? பூட்டுன கதவுல செருகிட்டுப் போயிருக்க, கொரியர்காரன் மாதிரி! நான் மார்க்கெட்ல இருந்து வந்து பாக்குறேன்... வாடி வதங்கித் தொங்குது. தங்கச்சி மக எனக்கு வச்ச வெத்தல அது!"

முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் தர்ஷினியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஓ... இதுதானா விஷயம்! மல்லியும் இல்லை, மொட்டும் இல்லை. மேப் போட்டுத் தெருவாரியாக அழைத்ததில், ஊருக்கு வெளியே தோட்டத்து வீட்டில் இருக்கிற மாமா வரிசையில் கடைசிக்குப் போய்விட்டார். நம் ஊரில் அழைப்பு என்பது தெரு வரிசையிலா போகும்? உறவு வரிசையில் அல்லவா போக வேண்டும்? அது எந்த மேப்பிலும் இருக்காது.

செல்வி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். ஜெனிஃபரும் மகாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

தர்ஷினி மைக்கைக் கீழே வைத்தாள். விறுவிறுவென்று செயலரின் மேஜைக்குப் போனாள். வந்தவர்களுக்குக் கொடுக்க அங்கே ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு இருந்தது. அதை எடுத்தாள். பெரியம்மா வைத்த வாழைப்பழத்தையும் அதில் எடுத்து வைத்தாள். நேராக மாமா முன்னால் போய் நின்றாள்.

"தப்புத்தான் மாமா. மொதல்ல ஒங்க வீட்டுக்குத்தான் வந்துருக்கணும். மன்னிச்சுக்கங்க."

அவர் வாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போது அவள் சொன்னாளே ஒன்று! மைக் இல்லாமல்தான் சொன்னாள். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"நான் வைக்கும்போது வெத்தல பச்சையாத்தான் மாமா இருந்துச்சு. நீங்க வாரதுக்குள்ள, ரெண்டு மணி நேரத்து வெயில்ல வாடிருச்சு. எங்கம்மாவும் அதே வெயில்லதான் மாமா விழுந்துச்சு. நீங்கதான தூக்குனீங்க?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்போது எழுதும்போதும்தான்.

ராசு மாமா திரும்பிப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். அந்தப் பக்கம் நின்ற தங்கச்சியைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். முகத்தைத்தான் துடைத்தார் என்று வைத்துக்கொள்வோம். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கினார்.

"சரித்தா... அந்தப் படத்தக் காட்டு."

நோட்டீஸைப் பிரித்துக் காட்டினாள். கோலப்பொடிக் கோடுகள் அத்தனையும் அதில் இருந்தன! "இங்க பாருங்க மாமா. கம்பம் மேக்க ஓரத்துல நிக்குது. நாலு மணிக்கு அதோட நெழலு ரோட்டத் தாண்டி ஒங்க வேலி வரைக்கும்தான் வருது. அப்பத்தான் நாங்க ஸ்கூல் விட்டு வாரோம். தோட்டத்துக்குள்ள நெழலு வாரப்ப சாயங்காலமாயிரும். காலையில ஒங்க மல்லிக்கு ஒரு பொட்டு நெழலு விழுகாது."

அவர் படத்தை உற்றுப் பார்த்தார். பிறகு படத்தைப் பக்கத்தில் இருந்த தோட்டக்காரரிடம் நீட்டினார். அது கைமாறி கைமாறிப் போனது. ஊராட்சி போட்ட மைக்கையும் நாற்காலியையும் விட்டுவிட்டு எல்லோரும் அந்த ஒற்றைத் தாளின் மேல் குனிந்து நின்றார்கள்.

"என் தோட்டத்துக்கு எதுத்தாப்புல வைக்கிற மரத்துக்கு ஊராட்சித் தண்ணி வேணாம்" என்றார் ராசு மாமா, செயலரைப் பார்த்து. "எம் மோட்டாருத் தண்ணி பாயும். எழுதிக்கங்க."

"ஆதரிக்கிறவங்க கையத் தூக்குங்க" என்றார் செயலர்.

தூக்கினார்கள் பாருங்கள்... வளையல் கை, மண்வெட்டி பிடித்த கை, வாட்ச் கை! அந்த ஊர் ஓட்டர் லிஸ்டில் பெயர் இல்லாத நான்கூடத் தூக்கிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு இறக்கினேன். தூக்கக் கூடாதவர்கள் மூன்று பேர் மட்டும் ஓரத்தில் நின்று, ஒருத்தி கையை ஒருத்தி இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தீர்மானம் நிறைவேறியது என்று செயலர் வாசித்ததும் பிடித்த கைகளோடு குதித்தார்கள். அந்தக் குதியைப் பார்க்க நீங்கள் இருந்திருக்க வேண்டும்!

ஸ்கூட்டரில் பாடி ஓய்ந்த பிறகு யோசித்துப் பார்த்தேன். எத்தனை மாநாடுகள், எத்தனை வரைபடங்கள், எத்தனை அறிக்கைகள்! நாடுகள் எல்லாம் ஒரே ஹாலில் கூடுகின்றன, ஏதோ ஒரு நாடு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கிறார்கள். அந்தக் கோபத்துக்கெல்லாம் நிஜமாகவே பொருளாதாரம்தான் காரணமா? இல்லை, யாருக்காவது முதல் வெற்றிலை போகாமல் விட்டுப்போயிருக்குமா? மனுஷனை மதித்து அழைத்தால் பாதி ஆட்சேபணை கரைந்துவிடுகிறது. மீதிப் பாதிக்குத்தான் கோலப்பொடிக் கோடு தேவைப்படுகிறது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் அன்றைக்கு நடந்திருக்காது.

பிளஸ் ஒன் முடித்த மூன்று பெண்கள் இரண்டையும் கையில் வைத்திருந்தார்கள். நான் இரண்டு பக்கப் பேச்சு வைத்திருந்தேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நிம்மதி. முடியவில்லை.

நேற்று மதியம் காலிங் பெல். திறந்தால் தர்ஷினி, ஜெனிஃபர், மகா. கையில் அதே எவர்சில்வர் தட்டு. வர்ற ஞாயிற்றுக்கிழமை முதல் குழி வெட்டுகிறார்களாம், என்னை அழைக்க வந்திருக்கிறார்கள். அகரம் பக்கத்தில் இருந்து, பஸ் ஏறி, இந்த வெயிலில்! வெற்றிலை ஈரத்துணியில் சுற்றியிருந்தது. புத்திசாலிகள்.

"இந்தத் தடவ மொத வெத்தல மாமாவுக்குத்தான?" என்று கிண்டலாகக் கேட்டேன்.

"மாமாதான்க்கா எங்களக் கூட்டிட்டு வந்தாரு. வீட்டுக்குள்ள வாங்கன்னா கேக்கல, வெளிய நிக்கிறாரு."

எட்டிப் பார்த்தேன்.

வெளியே சிமென்ட் வாசல் அடுப்புக்கல் மாதிரி காய்ந்துகொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே, தெரு விளக்குக் கம்பத்தின் நிழலுக்குள், தோளைக் குறுக்கிக்கொண்டு ராசு மாமா நின்றிருந்தார். அவர் பக்கத்தில், சிமென்ட்டுக்கு நடுவே, வெட்டிய வேம்பின் அடிக்கட்டை வட்டமாகத் தெரிந்தது.

தர்ஷினியும் அதைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வெற்றிலைக்கு நடுவில் இருந்த நோட்டீஸை மட்டும், எனக்குச் சங்கடம் வேண்டாம் என்பதுபோல் ஒரு பக்கமாக நகர்த்திவிட்டு, தட்டை நீட்டினாள். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

சிமென்ட்டை உடைக்க நல்ல ஆள் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்... நானே நேரில் வந்து வெற்றிலை வைத்து அழைக்கிறேன்.